பெரட்டு மணி அடிக்கும் ஏழாம் கட்டம்

"அப்படி ஒரு அறையே கிடையாது லா, தங்கச்சி" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நீங்க எஸ்டேட்டுல விளையாடுனது திருட்டுக் கேசட். அது எதைக் காட்டுச்சோ, நீங்க சின்ன வயசுல எதைப் பாத்தீங்களோ."

செரம்பானில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், பழைய விளையாட்டுச் சாமான்கள் சேர்ப்பவர்கள் அவ்வப்போது மேசை போட்டு உட்காருவார்கள். செனவாங்கில் வேலை முடிந்து சாப்பாடு வாங்கப் போன நான், ஒரு மேசையின் கண்ணாடிக்கு அடியில் பச்சை விளக்குச் சில்லு ஒன்றைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஐம்பது காசு அளவு பிளாஸ்டிக் வட்டம். அதில் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குட்டி மனிதன், அவன் நெற்றியில் பச்சை நிறத்தில் ஒரு விளக்கு. என் சிறுவயதில் நொறுக்குத் தீனிப் பொட்டலங்களுக்குள் இந்தச் சில்லுகள் வரும். மஞ்சள் விளக்கு எல்லோரிடமும் இருக்கும், சிவப்பு சிலரிடம் இருக்கும். பச்சை விளக்கு உண்டு என்று பொட்டலத்தின் முதுகில் படம் போட்டிருந்தான், ஆனால் எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் அது வந்ததில்லை. பக்கத்து எஸ்டேட்டில் ஒருத்தனுக்கு வந்ததாகவும், அவன் அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டதாகவும் ஒரு கதை உலவியது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மந்தினில் கடை வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டியிருப்பார். நான் சில்லைப் பார்த்து நின்ற விதத்திலேயே என்னைப் புரிந்துகொண்டுவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தக் குட்டி மனிதன் வரும் டிவி கேம் ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. முதல் பதிப்பின் பெட்டியில் வரைந்தவன் வாளியை இடது கையில் கொடுத்துவிட்டான், ஆட்டத்துக்குள் வலது கையில் இருக்கும். மூன்றாம் கட்டத்து வௌவாலுக்கு ஜப்பானில் நான்கு பல், வெளிநாட்டுக்கு வந்ததில் இரண்டு. நம் ஊர்ச் சந்தையில் விற்ற போலிக் கேசட்டுகளில் முதல் திரையின் அடியில் கம்பெனிப் பெயர் இருந்த இடம் மட்டும் கறுப்பாகத் துடைக்கப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எனக்கு மனம் கொள்ளாத சந்தோஷம். நானும் என் பங்குக்குச் சொன்னேன். ஏழாம் கட்டத்தில் மணி அடிக்கும் இடத்தில் ஓடாமல் நின்றால் பக்கத்துச் சுவர் விலகும், உள்ளே ஒரு அறை இருக்கும் என்றேன். அப்போதுதான் அவர் அப்படிச் சொன்னார்.

நான் விடவில்லை. "நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ அண்ணே. எது படம், எது கற்பனைன்னு எனக்குத் தெரியாதா?"

"படிச்சவங்களும் சின்ன வயசுல சின்னப் பிள்ளதானே."

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். மந்தின் கடையில் ஒரு சுவர் முழுக்க இந்த ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பெட்டி, பொம்மை, பேட்ஜ், சில்லு, ஒவ்வொன்றின் கீழும் அதைப் பற்றி ஒரு அட்டை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்களும் வந்து பார்க்கிறார்கள். அதனால், தன் கண்ணால் பார்க்காத எதையும் அதில் எழுதுவதில்லையாம்.

"கேசட்டக் கொண்டாங்க. நம்ம கடையில போட்டுப் பாப்போம். கண்ணுல காட்டுனா செவுத்துல போடறேன். காட்டலன்னா போடமாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் காரில் திரும்பும்போது அது பயமாக மாறிவிட்டது. அந்த அறை இல்லையென்றால், மத்தியானம் மத்தியானமாக நானும் அம்மாவும் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?

*

நாங்கள் இருந்தது பகாவ் பக்கத்தில் ஒரு எஸ்டேட். அப்பா, பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். அம்மா மரத்தடியில் சிந்திக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டும் வேலைக்குப் போனார். அதற்கு முன்னால், அந்த மண்ணில் ரப்பர் இருந்த காலத்தில், அவர் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவி வாளியில் பால் எடுத்தவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயதில் அவர் கையில் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். உயரட்டும்.

டிவி கேமை அப்பா பகாவ் இரவுச் சந்தையில், பாசார் மாலாமில், வாங்கி வந்தார். நான் ஒன்றாம் வகுப்பில் முதலாவதாக வந்ததற்காக என்று நினைவு. சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் நிறக் கேசட். கேசட்டின் மேல் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக எண் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் ஒரே ஆட்டம்தான். பட்டியலில் எதை அமுக்கினாலும் அதே ஆட்டம் வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். அப்பாவுக்கு ஏமாந்த வருத்தம். "நூறு கோழின்னு ஒரு கோழிய நூறு தடவ காட்டிட்டான்" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தமே இல்லை. கஷ்டமான கட்டங்களைத் தாண்டாமலே நேராக ஏழாம் கட்டத்துக்குப் போகலாமே.

திரையில் வருபவன் உயரம் ஒரு விரல் அளவு. நெற்றியில் விளக்கு, கையில் வாளி, முழங்கால் வரை பூட்ஸ். இருட்டுக்குள் நடந்து, மின்னுகிற வெள்ளைத் துளிகளை வாளியில் சேர்ப்பான். பாம்பு வரும், தேள் வரும், வௌவால் வரும். வேலை முடிந்து குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த அம்மா, துணி மடிக்க உட்கார்ந்தவர், முதன்முதலில் அவனைப் பார்த்த அன்று மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"இவன் நம்மாளு. பால் எடுக்கறான்."

அதோடு முடிவாகிவிட்டது. வெள்ளைத் துளி பால். வாளியைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் ஸ்டோர். துளிகளைத் திருடும் குண்டு எலி, வேலையை மேற்பார்த்துச் சம்பளத்தில் பிடிக்கும் மண்டோர். கட்டத்தின் வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவன் அசையாமல் நிற்பான், அவன் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் கிராணி. எங்கள் வரிசை வீடுகளில் விளையாடிய பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பெயர்கள்தான் தெரியும். ஜப்பானிய எழுத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அம்மா விளையாடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மழை நாளில்தான் ஆரம்பித்தது. மழை பிடித்தால் வெளிக்காட்டு வேலை பாதியில் நிற்கும், அம்மா மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார். "எங்க, நான் ஒரு வாட்டி" என்று கண்ட்ரோலரை வாங்கினார். முதல் பாம்பிலேயே செத்தார். அடுத்த வாட்டியும் செத்தார். ஆனால் அவனைத் துள்ளித் துள்ளி ஓட்டுவது எங்கள் பழக்கம், அம்மா நடத்தினார். ஒவ்வொரு துளிக்கும் நின்று, எடுத்து, அடுத்ததற்குப் போனார். பக்கத்து வீட்டு அத்தை வாசலிலிருந்து பார்த்துவிட்டு, "நெர போட்டு வெட்டுறாளே இவ, டிவிக்குள்ளயும்" என்று கத்திச் சிரித்தார். நெர என்பது ஒரு ஆளுக்கு விடப்படும் மர வரிசை.

ஏழாம் கட்டத்தில் நுழைந்ததும் ஒரு மணி அடிக்கும். மேலே நேரம் குறைந்துகொண்டே வரும். பின்னால் இருட்டிலிருந்து பாறை உருளும் சத்தம் கேட்கும். ஓடத்தான் வேண்டும் என்று கைக்குத் தானாகவே தோன்றும். நான் ஓட ஆரம்பித்த அன்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏய், நில்லு. பெரட்டு மணி அடிக்குது. பேரு கூப்புடாம எங்க ஓடற?"

பெரட்டு என்றால் விடியுமுன் எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற இடம். அம்மாவின் காலத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு இரும்பால் அடிப்பார்களாம். அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக நிற்கும் என்பார். நான் கண்ட்ரோலரைக் கொடுத்தேன். அம்மா அவனைக் கிராணிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது. எங்கள் பழைய டிவி வழக்கம்போல் கொஞ்சம் மங்கியது. அப்புறம் இடப்பக்கச் சுவர் நகர்ந்தது.

உள்ளே ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் அணைந்த விளக்குகள் ஆணியில் தொங்கும். நடுவில் ஒரு பெஞ்சு. அவன் வாளியைக் கீழே வைப்பான், நெற்றி விளக்கைக் கழற்றி ஆணியில் மாட்டுவான், பெஞ்சில் உட்கார்ந்து கையால் முகத்தைத் துடைப்பான். அவ்வளவுதான். புள்ளி கிடையாது, கூடுதல் உயிர் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்துவிடுவான்.

"ஒக்காந்துட்டான் பாரு" என்றார் அம்மா. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் பேசுகிற குரலில் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஏழாம் கட்டத்துக்குப் போனதே அவன் உட்காருவதைப் பார்க்கத்தான். பட்டியலில் அந்த எண்ணை அமுக்குவேன், கண்ட்ரோலரை அம்மாவிடம் கொடுப்பேன். அவன் உட்கார்ந்ததும் அம்மாவும் சுவரில் சாய்ந்துகொள்வார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இருப்பதாகப் படவில்லை. ஒன்றுமே கிடைக்காத இடத்துக்கு எதற்குப் போகணும் என்று போய்விட்டார்கள்.

இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருடம், பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சைபர் கஃபேயில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நானாகவே வாசித்தேன். அகராதி இல்லாமல் வாசித்து முடித்ததே பெரிய விஷயம். அதில் அவன் ஒரு சுரங்கத் தொழிலாளி என்றும், அவன் சேர்ப்பது படிகக் கற்கள் என்றும் இருந்தது. எங்கள் வீட்டுக்கே தெரியாத உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்போடு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"சுரங்கமா? சரி. அவனும் விடியறதுக்கு முந்தி எழுந்திருக்கிறான்ல?"

அப்புறம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போல எனக்கும் ஆட்டம் விட்டுப்போனது. பரீட்சைகள் வந்தன. விடுதி வந்தது, பல்கலைக்கழகம் வந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் எஸ்டேட் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தம்பினில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு மாறினார்கள்.

*

சனிக்கிழமை தம்பினுக்குப் போய், மஞ்சள் கேசட் எங்கே என்று கேட்டேன். அம்மா யோசிக்கக்கூட இல்லை. சாமி மேடையைக் கைகாட்டினார்.

கூடத்து மூலையில் இருக்கும் அந்த மர மேடைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில், குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, என் கேசட் இருந்தது. இத்தனை வருடம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறேன், கவனித்ததே இல்லை.

"அத எடுத்தா மேடை ஆடும்" என்றார் அம்மா.

நான் அலமாரியிலிருந்து என் பழைய பாடப்புத்தகம் ஒன்றை எடுத்து முட்டுக் கொடுக்கப் போனேன். அளவு சரியாக இருந்தது. அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "படிச்ச பொஸ்தகத்த காலுக்கு அடியில வப்பியா? அறிவு இருக்கா?" அப்பா வெளியே போய் எங்கிருந்தோ ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து வைத்தார். "நூறு கோழிக்கு இப்பத்தான் வேலை வந்துச்சா?" என்றார் என்னிடம்.

கேசட்டைக் கழற்றினேன். உள்ளே செப்புத் தகடுகள் கறுத்துப் பச்சை பூத்திருந்தன. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். சிறுவயதில் படம் வராவிட்டால் கேசட்டுக்குள் வாயால் ஊதுவோம், எச்சில் ஈரம்தான் தகட்டை அரித்திருக்கிறது. இது படித்த பிறகு தெரிந்தது. பழைய ஆட்டப் பெட்டி ஒன்றைச் செனவாங் நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருந்தேன். புது டிவியில் பொருத்தி விசையைத் தட்டியதும் படம் வந்தது. அந்த முதல் இசையைக் கேட்டபோது மூக்கில் ஈரத்துணி வாசனையும் மழை வாசனையும் சேர்ந்து அடித்தன.

ஏழாம் கட்டம். மணி அடித்தது. கிராணிக்கு முன்னால் போய் நின்றேன். மணி ஓய்ந்தது. நேரம் குறைந்தது. பாறை உருண்டு வந்து அவனை நசுக்கியது.

மறுபடியும் நின்றேன். கொஞ்சம் தள்ளி நின்றேன். குனிந்து நின்றேன். கிராணிக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒவ்வொரு தடவையும் பாறைதான் வந்தது. மேசைக்காரர் சிரித்த முகம் கண்ணுக்குள் வந்தது. கடைசியில் கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டேன். சமையலறையில் அம்மா கருவாட்டை அலசிக்கொண்டிருந்தார்.

"அந்த ரூம் இல்லம்மா. நாமதான் ஏதோ நெனச்சுக்கிட்டிருக்கோம்."

"என்னா இல்ல? நான் பாத்தேனே."

"கனவா இருக்கும்மா."

அம்மா திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து ஒரே கனவையா கண்டோம்?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கண்ட்ரோலரைப் புரட்டிப் பார்த்தார். முதல் பாம்பிலேயே செத்தார். "இவன் இன்னும் சாவலையா" என்று பாம்பைத் திட்டினார். இரண்டாவது முறை மெதுவாக நடத்தி, கிராணிக்கு முன்னால் நிறுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது. திரை மங்கியது. சுவர் நகர்ந்தது.

அவன் உள்ளே போனான். விளக்கைக் கழற்றி மாட்டினான். உட்கார்ந்தான்.

அம்மா பக்கவாட்டில் என்னைப் பார்த்து, புருவத்தை மட்டும் தூக்கினார். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

திரை மங்கியதுதான் என்னை உறுத்தியது. எஸ்டேட்டில் இருந்தது பழைய டிவி, அடிக்கடி மங்கும். இது போன வருடம் என் சம்பளத்தில் வாங்கியது. இது ஏன் மங்கவேண்டும்?

"இன்னொரு வாட்டி செய்மா" என்றேன். இந்தத் தடவை நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்தேன். அவனை நிறுத்தியதும் அம்மாவின் கட்டைவிரல் நடுவிலிருக்கும் சின்ன விசையைத் தொட்டுவிட்டு வந்தது. கொசுவை ஓட்டுவது போல ஒரு அசைவு. அது விளக்கை அணைக்கும் விசை. இந்த ஆட்டத்தில் அதை யாரும் தொடமாட்டார்கள். விளக்கை அணைத்தால் வௌவால் வரும், தேள் கண்ணுக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் அந்த விசையால் ஒரு பயனும் இருந்ததில்லை.

"ஏம்மா வெளக்க அணைச்ச?"

அம்மாவுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே முதலில் புரியவில்லை. தான் அணைத்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு, இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல் பார்த்தார்.

"பெரட்டுல கிராணி மூஞ்சியில லைட்ட அடிச்சுக்கிட்டா நிப்பாங்க? அன்னைக்கு மேட்டுக்காடுதான் கெடைக்கும்."

மேட்டுக்காடு என்றால் சரிவில் இருக்கும் மரங்கள். ஏறி இறங்கியே முழங்கால் போய்விடும். கிராணிக்குக் கண் கூசினால் அந்த நிரையைக் கொடுத்துவிடுவாராம். அதனால் வரிசையில் நிற்கும்போது எல்லோர் நெற்றி விளக்கும் அணைந்திருக்கும். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு அம்மா நெற்றியில் விளக்கே கட்டியதில்லை. விரலுக்கு மட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை என் காரில் உட்காரவைத்து மந்தினுக்குப் போனேன். கடை வரிசையில் மாடிக் கடை. சுவரில் பாதி நிறைந்திருந்தது. அந்தக் குட்டி மனிதனைச் சாவிக்கொத்தில், பென்சில் டப்பாவில், தொலைபேசி அட்டையில், ஒரு தேநீர்க் கோப்பையில்கூடப் பார்த்தோம். அம்மா ஒவ்வொன்றையும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "இவனுக்கு இவ்வளவு மவுசா?" என்றார்.

கடைக்காரர் எங்கள் கேசட்டைப் போட்டார். நான் நிறுத்தினேன், விளக்கை அணைத்தேன், சுவர் நகர்ந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் சம்மதமும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா இது காப்பி கேசட்டு. காப்பி போட்டவன் எவனோ சேத்துட்டான்னா?"

அவர் கேட்டது நியாயம். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். கண்ணாடி அலமாரியில் பெட்டியோடு நின்ற அவருடைய அசல் கேசட்டைக் காட்டினேன். அதை அவர் பல வருடமாக வெளியே எடுக்கவில்லை போலிருக்கிறது. சாவியைத் தேடினார். தேடும்போதே இரண்டு தடவை அம்மாவைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அசலில் அறை இல்லையென்றால், எங்கள் மத்தியானங்கள் ஏதோ ஒரு போலிக்காரன் போட்ட ஒட்டுவேலை. இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று கேட்டால், சொல்லத் தெரியாது.

தானே விளையாடிப் பார்க்கவேண்டும் என்று கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டார். தொடக்கத்திலிருந்து ஏழாம் கட்டம் வரை மூச்சுவிடாமல் ஓடினார். அப்படி ஒரு கை! அம்மாகூட "அடேயப்பா" என்றார். ஆனால் மணி அடித்ததும் அவர் விரல் நிற்கவில்லை. ஓடிவிட்டார். "சே" என்று திரும்பவும் ஆரம்பித்தார். மறுபடியும் ஓடினார்.

"ஓடாதீங்க தம்பி" என்றார் அம்மா. "பேரு கூப்பிடட்டும்."

மூன்றாவது முறை நின்றார். அணைத்தார். திரை இருண்டது. மணி ஓய்ந்த பிறகும் சுவர் அசையவில்லை என்றே நினைத்தேன். எங்கள் கேசட்டைவிட அசலில் ஒரு நொடி அதிகம் பிடித்தது, அவ்வளவுதான். நகர்ந்தது. விளக்குகள் தொங்கும் சுவரும் பெஞ்சும் அப்படியே இருந்தன. எங்கள் கேசட்டில் சாம்பலாக இருந்த பெஞ்சு இதில் நல்ல பழுப்பு நிறம். அவன் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான்.

கடைக்காரர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வாயேன். கைய அப்புறம் கழுவிக்க. வா." மனைவி வந்து நின்றதும் மறுபடி முதலிலிருந்து விளையாடிக் காட்டினார்.

அட்டையை என்னையே எழுதச் சொன்னார். 'ரகசிய அறை' என்று தலைப்புப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தடித்த பேனாவால் 'பெரட்டு அறை' என்று எழுதினேன். அதற்குக் கீழே, பெரட்டு என்றால் என்ன, மணி அடித்தால் ஏன் நிற்கவேண்டும், விளக்கை ஏன் அணைக்கவேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். மூன்று மொழியிலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். அம்மா பக்கத்தில் நின்று எழுத்துகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் வாசித்துக் காட்டினேன்.

"அவன் ஒக்கார்றத எழுதுனியா?"

எழுதவில்லை. சுவர் நகர்வதோடு நிறுத்திவிட்டிருந்தேன். அட்டையின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதிச் சேர்த்தேன்: உள்ளே அவன் விளக்கைக் கழற்றிவிட்டு உட்காருகிறான்.

கடைக்காரர் மஞ்சள் கேசட்டைச் சுவரில் வைக்கக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். மேடைக்குத்தான் பலகை வந்துவிட்டதே என்றேன். குங்குமக் கறையைத் துடைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் பதிலுக்குப் பச்சை விளக்குச் சில்லை எடுத்து நீட்டினார். எனக்கு நீட்டுவதாக நினைத்துக் கையை நீட்டினேன். அவர் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புடவை முந்தானையில் முடிந்துகொண்டார். இன்னும் எனக்குத் தரவில்லை. கேட்டால், ஆட்டுக்குப் போட்டுவிட்டேன் என்கிறார்.

படி இறங்கும்போது அந்த ஆட்டத்துக்கு வந்த இரண்டாம் பாகத்தைப் பற்றிக் கேட்டேன். "அதுல ஒன்னும் மிச்சமில்ல" என்றார் அவர். "உலகத்துல இருக்கறவன் எல்லாம் தோண்டித் தோண்டிப் பாத்துட்டான். எல்லாத்தையும் கண்டுபிடிச்சாச்சு." சொல்லிவிட்டு, அவரே திரும்பி அம்மாவைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய், பெட்டி இல்லாத ஒரு இரண்டாம் பாகக் கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். முடித்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும் என்றார்.

இதைத் தம்பின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெளியே மழை. இரண்டாம் பாகத்தைப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். கைப்பேசியை ஒரு ஸ்டூலில் நிறுத்தி, திரையும் அம்மாவின் கையும் தெரியும்படி பதிவை ஓடவிட்டிருக்கிறேன். முதல் கட்டத்தில் ஆலைச் சங்கு ஒன்று ஊதுகிறது. எல்லோரும் அந்த இடத்தில் வலப்பக்கம் ஓடிச் சுரங்க வண்டியில் ஏறவேண்டும், இணையத்தில் எங்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அம்மா சங்கு முடியும்வரை கேட்டார்.

"சங்கு ஊதிட்டான். வேல முடிஞ்சுது" என்றார்.

அவனைத் திருப்பி, வந்த வழியே வீட்டுக்கு நடத்திப் போகிறார். அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. திரை இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.